ஆண்டு முழுதும் பள்ளி வேண்டுமா?

கோடை விடுமுறையை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன விடை சொல்வீர்கள் என்பதை நான் அறிவேன். ஏப்ரல் மாதத்துக் கடைசி மணி அடிக்கும்போது எழும் ஆரவாரத்தை ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டவன் நான். உண்மையைச் சொல்வதானால், அந்த ஆரவாரத்தில் ஆசிரியர்களின் குரலும் சற்றே கலந்திருக்கும். எனினும் அந்த வினா வேடிக்கையானதன்று. அமெரிக்க நாட்டில் பல ஊர்களில் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள்.

‘ஆண்டு முழுதும் பள்ளி’ என்றால் 365 நாளும் பாடம் என்பது பொருளன்று. அங்கே பெரும்பாலான பள்ளிகள் ஆண்டுக்கு 180 நாட்கள் நடைபெறுகின்றன. கோடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் மூடிக் கிடக்கின்றன. புதிய முறையில் அந்த 180 நாட்கள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நீண்ட விடுமுறையைப் பகுத்து ஆண்டு முழுதும் பரப்பிவிடுகிறார்கள். 45 நாள் பாடம், 15 நாள் ஓய்வு. இவ்வாறு நான்கு முறை. இல்லினாய் மாநிலத்தின் வேலி வியூ பள்ளி வட்டாரத்தில் 1970ஆம் ஆண்டில் இம்முறை தொடங்கிற்று.

அங்கே இதற்குக் காரணம் இட நெருக்கடி. மாணவர் தொகை பெருகியது; கட்டடம் போதவில்லை. மாணவர்களை நான்கு பிரிவாக்கி, எப்பொழுதும் ஒரு பிரிவு விடுமுறையில் இருக்குமாறு அமைத்தால், 750 பேருக்கான கட்டடத்தில் 1,000 பேர் படிக்கலாம் அன்றோ? ஆனால் இத்தகைய கணக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வேறு விதமாக முடிந்தது. நெரிசல் மிகுந்த சில பள்ளிகளில் மாணவர்களை மூன்று பிரிவாக்கியபோது, அவர்களுக்குக் கிடைத்தவை 163 நாட்களே. நாள்தோறும் பாட நேரத்தைச் சற்று நீட்டி ஈடு செய்ய முயன்றனர். எனினும் 17 நாட்கள் போனவை போனவைதாம். இழந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வழக்கு எழுந்தது. 2004ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டையொட்டி, 2012க்குள் அம்முறையை ஒழிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இனி நன்மையைப் பார்ப்போம். நீண்ட விடுமுறையில் கற்றது மறந்து போகிறது. ஹாரிஸ் கூப்பர் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1996ஆம் ஆண்டில் 39 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். கோடை கழிந்து வரும் மாணவர், சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழந்து வருகின்றனர் என்று கண்டனர். கணக்கில் இழப்பு மிகுதி. வாசிப்பிலோ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. வறியவர் வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினர்.

இதைப் படிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒரு மாணவன் எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தான். ஏப்ரலில் பின்னக் கணக்குகளைப் பிழையின்றிப் போட்டவன், ஜூனில் கரும்பலகையின் முன் விழித்துக்கொண்டு நின்றான். “இரண்டு மாதம் என்னடா செய்தாய்?” என்று கடிந்துகொண்டேன். அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்து மாணவன்தான், “அவன் செங்கல் சூளைக்குப் போயிருந்தான், சார்” என்றான். பிறகு விசாரித்தேன். வகுப்பில் பலர் கூலி வேலைக்குப் போய் வந்திருந்தனர். இருவர் திரும்பி வரவே இல்லை. அந்த இருவரின் பெயரும் வருகைப் பதிவேட்டில் சில நாள் இருந்தன. பிறகு நானே அவற்றை நீக்கினேன்.

உணவையும் எண்ண வேண்டும். 1982இல் தமிழகத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி நாட்களில் மதிய உணவு அளிக்கிறது. கதவு மூடினால் அடுப்பும் அணைகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டில் ஆணையிட்டது இதனால்தான்.

அப்படியானால் விடுமுறையைப் பகுத்துவிடலாமே என்பீர்கள். தடைகள் உண்டு. நம் கோடை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழ் அமர்ந்து பாடம் கேட்பது எளிதன்று. 2023ஆம் ஆண்டில் வெயிலின் கடுமையால் பள்ளித் திறப்பையே ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கட்டடம் பழுது பார்ப்பதும், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துவதும், ஆசிரியர் பயிற்சியும் கோடையை நம்பியே இருக்கின்றன. தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவதும், கிணற்றில் நீந்தப் பழகுவதும், திருவிழாப் பார்ப்பதும் கல்வியே அல்லவா? மேலும், கூப்பரும் அவர் தோழர்களும் 2003ஆம் ஆண்டில் மறுபடி ஆராய்ந்தபோது, விடுமுறையைப் பகுத்ததனால் கல்வியில் விளைந்த முன்னேற்றம் மிகச் சிறிதே என்று கண்டனர். ஏழை மாணவர்க்கு மட்டும் பயன் சற்றுக் கூடுதல்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாட்களை இடம் மாற்றி வைப்பதனால் மட்டும் மறதியும் பசியும் தீரா. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 நாட்களும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாட்களும் வகுத்திருக்கிறது. அந்த நாட்கள் முழுமையாக நடக்கட்டும். கோடை விடுமுறையும் இருக்கட்டும். ஆனால் அந்நாட்களில் பள்ளியின் ஓர் அறையாவது காலை வேளையில் திறந்திருக்கட்டும். அங்கே நூல்களும் ஒரு வேளை உணவும் இருக்கட்டும். ஜூன் முதற் பகுதியைப் பழைய பாடத்துக்கே ஒதுக்கட்டும். வராத பிள்ளையின் பெயரை நீக்குமுன் ஆசிரியர் அவன் வீட்டுக்குச் சென்று பார்க்கட்டும். நான் செய்யத் தவறியது அது.

மாணவர்களே, விடுமுறை எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. வருகிற கோடையில் உங்கள் தெருவிலுள்ள ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ நாள்தோறும் அரை மணி நேரம் படித்துக் காட்டுங்கள். ஒரு கணக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் விடுமுறை அதனால் குறைந்துவிடாது. ஜூனில் அந்தப் பிள்ளை கரும்பலகையின் முன் விழித்து நிற்கவும் நேராது.