தொழிலாளியின் முகத்துக்கு ஏற்ற லென்ஸ்

(கமரா பழகும் தோட்ட இளைஞர், யுவதிகளுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



எமது தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் ஒழுங்காகப் படம் பிடிப்பது என்று நாம் தீர்மானித்திருக்கிறோம். ஒரு பிரதி பிரட்டுக்களத்துக் கொட்டகையில் இருக்கும். இன்னொரு பிரதி அவரவர் வீட்டுக்குப் போகும். ஸ்டாப் என்றால் கந்தோரில் மேசை நாற்காலி உள்ளவர் மட்டும்தான் என்ற நினைப்பு தோட்டங்களில் இன்னும் இருக்கு. கொழுந்து எடுக்கிறவரும், கவ்வாத்து வெட்டுகிறவரும், பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்க்கிற ஆயம்மாவும் அந்த வரிசையில் வரவேணும். அதற்காகத்தான் இந்த வேலை.

தேயிலைப் பெட்டியிலும் காலண்டரிலும் கொழுந்து எடுக்கும் பெண்ணின் சிரிப்பு உலகம் முழுக்கப் போகுது. ஆனால் லயத்துக் காம்பிராவுக்குள் போய்ப் பாருங்க. மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தாவின் படம் என்ன படம்? எத்தனையோ வீட்டில் அது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான். அவர் கண் மூடிய பிறகு அவசரமாக டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெரிசாக்கியது. பெரிசாக்கப் பெரிசாக்க முகம் கலங்கிப் போகும். பேரப்பிள்ளைக்குக் காட்ட அதைவிட்டால் வேறு படம் இல்லை.

இது இன்று நேற்று வந்த குறை இல்லை. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1875ஆம் ஆண்டு கணவரோடு இலங்கைக்கு வந்தார். அந்தக் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் பெரிய கவிஞர்களையும் அறிஞர்களையும் படம் பிடித்துப் பேர் வாங்கியவர். இங்கே வந்து களுத்துறைப் பக்கத்தில் சாதாரண ஜனங்களையும் தோட்டத்து ஆட்களையும் பிடித்தார். 1879இல் மலைநாட்டிலேயே காலமானார். பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கு. 1878இல் அவர் எடுத்த ஒரு படத்துக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பது. டெனிசன் என்ற கவிஞரைப் பிடித்தால் டெனிசன் என்று பேர் வரும். நம்மைப் போன்றவர் என்றால் 'குழு'. படம் அழகான படம்தான், அதில் நமக்குப் பேச்சில்லை. ஆகவே முதலாவது வேலை, படம் எடுக்க முன்னரே முழுப் பேரை எழுதிக்கொள்வது. அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்க.

சரி, லென்ஸ் விஷயத்துக்கு வருவோம். இருக்கிற கொஞ்சக் காசில் புதுக் கமரா வாங்குவதா, நல்ல லென்ஸ் வாங்குவதா என்று தம்பிமார் கேட்டார்கள். பழைய கமராவே போதும், காசை லென்சில் போடுங்க என்பது எமது பதில்.

கமராவோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் 18 முதல் 55 மி.மீ. வரை உள்ள சூம் லென்ஸ். அதை 18இல் வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு பெரிசாகும், காது பின்னுக்கு ஓடும், நெற்றி புடைக்கும். லென்ஸ் முகத்தைக் கெடுக்குது என்று சொல்வார்கள். உண்மையில் கெடுப்பது நாம் நிற்கிற தூரம். ஒன்றரை அடியில் நின்று பார்த்தால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூர வித்தியாசம் பெரிசாகத் தெரியும். ஆறேழு அடியில் நின்றால் அது அடங்கிப் போகும். நாம் ஒருவரோடு மரியாதையாக நின்று பேசுகிற தூரமும் ஏறக்குறைய அதுதானே. அந்தத் தூரத்தில் நிற்க வைக்கிற லென்ஸ்தான் முகத்துக்கு ஏற்ற லென்ஸ்.

முகப் படத்துக்கு 85 மி.மீ. லென்ஸ்தான் சிறந்தது என்று புத்தகங்களில் இருக்கும். அது பழைய பிலிம் அளவுக் கமராவுக்குச் சொன்ன கணக்கு. நம் கைக்கு வருகிற சாதாரண டிஜிட்டல் கமராக்கள் பலவற்றில் படம் விழுகிற இடம் அதைவிடச் சின்னது. ஆகவே 50 மி.மீ. லென்ஸ் அதில் 75, 80 மி.மீ. போல வேலை செய்யும். அதே கமராவில் 85 போட்டால் இடுப்புக்கு மேல் படம் எடுக்கப் பதினோரு அடி பின்னால் போகவேணும். பழைய லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதுகைச் சுவரில் ஒட்டினாலும் முடியாது! படத்துக்கு நிற்கிறவரும் பின்சுவரை விட்டு மூன்றடியாவது முன்னால் நிற்கவேணும் அல்லவா? 50 என்றால் ஆறரை அடியில் காரியம் முடிந்துவிடும். எப் 1.8 என்று போட்ட 50 மி.மீ. லென்ஸ்கள் விலை குறைந்த வகையிலும் இருக்கின்றன. அதையும் வாங்க வழியில்லை என்றால் உள்ள சூமை 55 பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, பின்னால் தள்ளி நில்லுங்க. தொலைபேசிக் கமரா என்றாலும் அப்படித்தான். இரண்டு மடங்கு என்று உள்ளதை அழுத்திவிட்டு ஐந்தாறு அடி விலகி நிற்கவேணும்.

எப் 1.8 இருக்கு என்பதற்காக அதிலேயே எடுக்கக்கூடாது. கண் தெளிவாக விழும், காது மங்கிப் போகும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தில் காதுத் தோடும் தெரியட்டும், அதை ஆசையாய்ப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். எப் 4 அல்லது 5.6 சரி.

வெளிச்சத்துக்கு மலைநாட்டில் குறை இல்லை. மூடுபனி நேரம் முகத்தில் நிழல் விழாது, அது ஒரு கொடை. ஆனால் பின்னால் வெள்ளையாகப் பனி நின்றால் கமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். நம்முடைய கறுத்த முகங்கள் கரிக்கட்டை போல விழுவது இதனால்தான். தோலில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானைக் கூட்டல் பக்கம் ஒன்று தள்ளி வையுங்க. அல்லது வாசற்படிக்கு உள்ளே நிற்க வைத்து, முகம் வெளியே பார்க்க எடுங்க. பிளாஷ் அடித்தால் வேர்வைதான் பளபளக்கும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர் கையில் ஒரு டோர்ச் கொண்டு போகவேணும். பின்பக்கமாக அடித்துக் கண்ணாடிக்குள் பாருங்க. சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் பூஞ்சணம், வாங்காதீங்க. நம் பக்கத்து ஈரத்தில் அது இன்னும் பரவும். நல்ல லென்சையும் தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்தால் இதே கதிதான். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்க. அரிசிக்குள் புதைக்கிற பழக்கம் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும். இன்னொன்று, குளிரிலிருந்து தொழிற்சாலைச் சூட்டுக்குள் போனதும் லென்சில் நீர் பூக்கும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வைத்திருந்து பிறகு எடுங்க.

கொழுந்து எடுக்கிற நேரத்தில் யாரையும் நிறுத்திப் படம் எடுக்க நாம் அனுமதிக்க மாட்டோம். கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். நிறுவை முடிந்து, முகம் கழுவி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்த பிறகு கூப்பிடுங்க. விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்க. எடுத்த படத்தை உடனே அவருக்கே காட்டுங்க. அவர் வேண்டாம் என்று சொன்ன படம் கொட்டகைக்கும் போகாது, தொலைபேசியில் வேறு ஆளுக்கும் போகாது. பெண்பிள்ளைகள் படத்தில் இதை இரண்டு மடங்கு கண்டிப்பாகப் பாருங்க.

வேலை உடுப்பா, நல்ல உடுப்பா என்று சில அக்காமார் கேட்டிருக்கிறார்கள். அது வருகிறவர் இஷ்டம். படங்கு கட்டிக் கூடையோடு வந்தாலும் எடுப்போம், தீபாவளிச் சேலையில் வந்தாலும் எடுப்போம். இரண்டிலும் வேணும் என்றால் இரண்டு எடுப்போம்.