அரைஞாண் இறுகாமல் புகையை விடுதல்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஒரு வியப்பு நிகழ்கின்றது. வெண்சுருட்டைக் கைவிடவே இயலாது என்று பல்லாண்டுகளாகக் கூறிவந்த ஆடவர்கள், காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்ட நாள்முதல் அதனைத் தொடுவதில்லை. புலால் இல்லை, மது இல்லை, புகையும் இல்லை. ஒரு மண்டலமாகிய 48 நாள்களும் விரதம் காப்போர் உளர். சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் சாலையிலுள்ள தெண்டாயுதபாணி கோயிலில் காவடியை இறக்கும்வரை அவர்தம் உறுதி குலைவதில்லை. விரதம் முடிந்த சில நாள்களுள் அவர்களிற் பலர் மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடுகின்றனர் என்பதும் இங்குக் கூடியிருப்போர் அறிந்ததே.

இதில் பெரும்பாலோர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. விரத நாள்களில் புகையை விட்டவர் பெரும்பாலும் பருத்துப்போவதில்லை. ஒருவேளை உணவு, மரக்கறி, அதிகாலைக் குளியல், ஆலயத்திற்கு நடை என்று ஒவ்வொரு நாளும் ஓர் ஒழுங்குக்குள் அடங்கிவிடுகின்றது. விரதமின்றி, மருத்துவர் சொல்லுக்காகவோ மனைவி மக்களின் வேண்டுகோளுக்காகவோ புகையை விடுபவருக்கு அந்த ஒழுங்கு இல்லை. அவர்தாம் பருக்கின்றார். பருத்தபின் அஞ்சுகின்றார். அஞ்சியபின் மீண்டும் வெண்சுருட்டைத் தேடிப் போகின்றார்.

கப்பல் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரியும் அன்பர் ஒருவர்க்கு நேர்ந்ததும் இதுவே. தேசிய சேவையில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம். நாற்பத்தைந்து வயதில் நாளொன்றுக்கு இருபது வெண்சுருட்டுகளாக வளர்ந்து நின்றது. முதன்முறை காவடிக்காக விட்டார். விரதம் முடிந்த மூன்றாம் நாள் மீண்டும் பற்றவைத்தார். இரண்டாம் முறை, விடாத இருமலைக் கண்டு மருத்துவர் எச்சரித்ததால் விட்டார். இம்முறை விரதம் இல்லை. ஏழு மாதங்கள் ஒரு வெண்சுருட்டும் தொடவில்லை என்பது பெரிய சாதனைதான். ஆயின் பத்து மணிக்குப் புகைத்துவந்த நேரத்தில் குறுகிய பாலிட்ட தேநீரும் ஒரு கறிபாப்பும் வந்து அமர்ந்தன. பகலுணவுக்குப்பின் இனிப்பு. இரவில் தொலைக்காட்சியின்முன் முறுக்குத் தகரம். ஏழாம் மாதத்தில் எடை ஆறு கிலோகிராம் ஏறியிருந்தது. இடுப்பில் கிடந்த அரைஞாண் சதைக்குள் புதைந்து, அதனை வெட்டியெடுத்துப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

உறவினர் திருமணம் ஒன்றில் அவருடைய தமக்கையார் எல்லோர் முன்னிலையிலும், “என்ன தம்பி, வயிறு முன்னே வருகிறது, நீ பின்னே வருகிறாய்?” என்று கேட்டுவிட்டார். அன்பினால் கேட்ட கேள்விதான், பந்தியே சிரித்தது. அடுத்த வாரம் அவர் சட்டைப்பையில் வெண்சுருட்டுப் பெட்டி இருப்பதை மனைவியார் கண்டார். “என்னங்க இது, ஏழு மாதம் விட்டதை மறுபடியும் எடுக்கலாமா?” என்று கேட்டபோது அவர் கூறிய மறுமொழி இது: “புகையால் வருகிற நோயைவிட வயிற்றால் வருகிற நோய் சின்னதா? அப்பா நீரிழிவில்தானே போனார்?”

இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சிங்கப்பூரில் நீரிழிவு நோய் இந்தியரிடையே மிகுதி. ஆதலின் அவர் கணக்கு சரியா, தவறா என்பதை முறையாக ஆராய்தல் வேண்டும்.

புகையை விட்டவர் பருப்பது உண்மை. அதற்குக் காரணங்கள் சில உள. வெண்சுருட்டிலுள்ள நிக்கோட்டின், மூளையில் பசியை ஆளும் பகுதியைத் தொட்டு, வயிறு நிறைந்தது போன்ற உணர்வைத் தருகின்றது. உடல் எரிக்கும் ஆற்றலையும் சற்றுக் கூட்டுகின்றது. அது நின்றவுடன் பசி தன் இயல்புக்குத் திரும்புகின்றது, எரிப்பும் தணிகின்றது. இவற்றோடு, மங்கியிருந்த நாச்சுவையும் மணமறியும் ஆற்றலும் சில நாள்களிலேயே மீள்கின்றன. இருபதாண்டுகளாகச் சுவையறியாது உண்டுவந்தவருக்கு மனைவியின் மீன்குழம்பு திடீரென்று அமுதமாகின்றது! எஞ்சியது கையின் பழக்கம். நாளொன்றுக்கு இருநூறு முறை வாய்க்குச் சென்றுவந்த கை சும்மா இருக்குமா? முறுக்குத் தகரத்தைத் தேடுகின்றது.

எவ்வளவு பருப்பர்? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, மருந்தின் துணையின்றிப் புகையை விட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக நான்கிலிருந்து ஐந்து கிலோகிராம்வரை கூடினர் என்று காட்டிற்று. அதிற் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிடுகின்றது. ஆயினும் சராசரி என்பது ஏமாற்றும் சொல். அவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் எடை குறைந்தே போனார். எட்டில் ஒருவர் பத்துக் கிலோவுக்கு மேல் கூடினார். எவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைத் தலையெழுத்து மட்டும் முடிவு செய்வதில்லை.

இந்த நான்கரைக் கிலோவைச் சமையலறைக் கணக்காக மாற்றினால் அச்சம் பாதியாகக் குறையும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. நான்கரைக் கிலோவை ஓராண்டின் 365 நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நூறு கலோரிக்கும் குறைவே வரும். அஃது எண்ணெயில் பொரித்த ஓர் உளுந்து வடையின் அளவு. முதல் மூன்று மாதங்களில் அது நாளுக்கு இரண்டு வடைக்கு மேலாகவும், பின்னர் ஒரு வடைக்கும் குறைவாகவும் இருக்கும். குடும்பத்தையே அச்சுறுத்தி ஒருவரை மீண்டும் புகைக்கு விரட்டும் பகைவனின் உருவம் இவ்வளவுதான்.

இந்த அச்சம் தானாக வளர்ந்ததும் அன்று. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் நிறுவனம், மகளிர் இனிப்புக்குப் பதிலாகத் தன் வெண்சுருட்டை நாடவேண்டும் என்று நாடெங்கும் விளம்பரம் செய்தது. இனிப்பு வணிகர்கள் கொதித்தெழுந்தனர். 1968இல் பெண்களுக்கென்றே வெளிவந்த மற்றொரு வெண்சுருட்டின் பெயரிலேயே மெலிவு என்னும் சொல் இடம்பெற்றது. விற்பனைக்காக விதைத்ததை உலகம் இன்னும் அறுவடை செய்துகொண்டிருக்கின்றது.

இனி அந்த அன்பரின் கேள்விக்கு வரலாம். 2018ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த பெரியதோர் ஆய்வு இதனையே ஆராய்ந்தது. புகையை விட்டபின் எடை கூடியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு உயர்ந்து, ஐந்து முதல் ஏழாம் ஆண்டளவில் உச்சமடைந்து, பின்னர் இறங்கிற்று. எடை கூடாதவர்களுக்கு அவ்வுயர்வு இல்லை. ஆகவே அன்பரின் அச்சத்திற்கு அடிப்படையே இல்லை என்று கூறுதல் நேர்மையன்று. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது. எடை எவ்வளவு கூடியிருந்தாலும், புகையை விட்டவர்கள் இதயநோயாலும் பிற நோயாலும் இறப்பது, தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆறு கிலோவைக் கண்டு அஞ்சி வெண்சுருட்டுக்குத் திரும்பியவர், சிறிய கடனை அடைக்க வீட்டையே விற்றவர் ஆகின்றார்.

நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரை உண்போரும் ஊசி போடுவோரும் புகையை விடுவதாக முடிவு செய்தவுடன் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். சர்க்கரை அளவு மாறக்கூடும். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம்.

அந்த அன்பர் ஈராண்டு கழித்து மூன்றாம் முறை முயன்றார். இம்முறை பலதுறை மருந்தகத்தில் ஆலோசனை பெற்றபின் தொடங்கினார். அங்கு அவர் முதலில் கற்றது வரிசைமுறை. புகையை விடும் அதே வாரத்தில் பட்டினி கிடந்து உடலையும் இளைக்கச் செய்ய முனைதல் கூடாது. பசித்திருப்பவனுக்குப் புகை வேட்கை கடுமையாகும். முதலில் புகை, எடையை ஏறவிடாமல் பிடித்து நிறுத்தினால் அப்போதைக்குப் போதும், குறைப்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக அவர் கற்றது கோப்பியைப் பற்றியது. இது பலரும் அறியாத செய்தியாதலின் சற்று விரிவாகக் கூறத்தக்கது. வெண்சுருட்டுப் புகையிலுள்ள சில பொருள்கள், கோப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபினைக் கல்லீரல் விரைந்து அழிக்குமாறு தூண்டுகின்றன. ஆதலின் புகைப்பவர் நாளுக்கு ஐந்து கோப்பி குடித்தாலும் தாங்கிக்கொள்கின்றார். புகை நின்ற சில நாள்களில் அத்தூண்டுதல் நின்றுவிடுகின்றது. அதே ஐந்து கோப்பி இப்போது பத்துக் கோப்பியின் வேலையைச் செய்கின்றது. கை நடுங்குகின்றது, உறக்கம் வரவில்லை, எரிச்சல் மிகுகின்றது. இவை யாவும் புகை இல்லாததால் வந்தவை என்றெண்ணி மனிதர் பெட்டியைத் தேடுகின்றார்! கோப்பியைப் பாதியாக்கினால் இத்தொல்லையிற் பெரும்பகுதி தணியும். அந்த ஐந்தும் குறுகிய பாலும் சீனியும் கலந்தவையாயின், பாதியாக்கும்போதே நாளுக்கு ஒரு வடையல்ல, இரண்டு மூன்று வடை குறைந்துவிடுகின்றது. அவர் ஐந்தை இரண்டாக்கினார். அவ்விரண்டையும் கோப்பி-ஓ-கோசோங் ஆக்கினார். முதல் வாரம் கஷாயம் போல் இருந்ததாம். நாக்கு மீண்டு வந்த பின்னர்க் கோப்பியின் உண்மையான சுவை தெரிந்ததாம்.

நிக்கோட்டின் மெல்லுபசையும் அவருக்குத் துணை நின்றது. அதனைச் சாதாரண மிட்டாய் போல் இடைவிடாது மெல்லுதல் தவறு. சுறுசுறுவென்ற காரம் தோன்றும்வரை மென்று, பின் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். கோப்பி குடித்தவுடன் மென்றால் மருந்து சரிவர உடலில் சேராது. கால்மணி நேரமாவது கழிய வேண்டும். இம்மெல்லுபசையைப் பயன்படுத்தும் காலத்தில் எடை ஏறுவது தாமதப்படுகின்றது என்பது கூடுதல் நன்மை. முதல் மூன்று மாதங்களைக் கடக்க அத்தாமதம் பேருதவி. மின்சிகரெட்டை நாடலாமே என்று சில இளைஞர் எண்ணலாம். அதனை வைத்திருப்பதே 2018 பிப்ரவரி முதல் சிங்கப்பூரில் குற்றம். அப்பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது நடை. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் புகைக்கத் தடை இருப்பதால், புகைத்த காலத்தில் அவர் நாளுக்கு நான்கைந்து முறை வீட்டிலிருந்து இறங்கி வெளியே நடந்து சென்றுவந்தார். இரண்டாம் முறை புகையை விட்டபோது அந்த நடையையும் சேர்த்தே விட்டுவிட்டார். சாய்வு நாற்காலியே கதியானார். இம்முறை நடையை விடவில்லை. புகைக்கப் போன அதே வேளையில், அதே பாதையில், வெறுங்கையோடு பத்து நிமிடம் நடந்து திரும்பினார். வேட்கை எழுந்து அடங்கச் சில நிமிடங்களே ஆகும். பாதி வழியிலேயே அது அடங்கிவிடுகின்றது. இரவு உணவுக்குப்பின் நடப்பதால் இரத்தத்திலுள்ள சர்க்கரையும் தணிகின்றது.

வீட்டாரும் தம் பங்கைச் செய்தனர். மனைவியார் முறுக்குத் தகரத்தை ஒளித்துவைக்கவில்லை, காலியாகவே விட்டுவிட்டார். வெள்ளரியும் கொய்யாவும் வெட்டி வைத்தார். கைக்கும் வாய்க்கும் வேலை கிடைத்தது. கடையில் பானம் வாங்கும்போது, 2022 டிசம்பர் 30 முதல் புட்டிகளில் அச்சிடப்படும் தர எழுத்தைப் பிள்ளைகள் பார்த்தனர். ‘டி’ என்றிருந்தால் அப்பாவுக்கு வேண்டாம் என்று திருப்பி வைத்தனர். தமக்கையாரிடம் மனைவியார் தனியே ஒரு சொல் சொல்லிவைத்தார் என்றும் கேள்வி. அது மருத்துவர் கூறாத மருந்து. ஆனால் மற்றவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று.

வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலையில், குளித்தபின், உண்ணும்முன் எடை பார்த்தார். நாள்தோறும் பார்ப்பவர் அரைக் கிலோவுக்கும் கலங்கிப்போவர். ஆசிய ஆடவர்க்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்கும், மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நலம் என்பதால் அளவு நாடாவும் ஒன்று வாங்கினார். அரைஞாண் இடுப்பின் மடிப்புக்குக் கீழே கிடப்பதாதலின் அளவுகோலாகாது. ஆயினும் மனிதர் அதனையே நம்பினார்.

புகையை விட்டு ஓராண்டு நிறைந்தபோது அவருடைய எடை இரண்டு கிலோகிராம் கூடியிருந்தது. அவ்வாண்டுத் தைப்பூசத்தில் காவடி இறக்கிய மூன்றாம் நாள், பட்டறை நண்பர் பழைய வழக்கப்படி பெட்டியை நீட்டினார். அவர் நண்பரையும் அழைத்துக்கொண்டு உணவங்காடிக்கு நடந்து, இரண்டு கோப்பி-ஓ-கோசோங் சொன்னார். அரைஞாண் பழையதே; முடிச்சை மட்டும் ஒரு விரற்கடை தளர்த்திக் கட்டியிருந்தார்.