ஐஸ் மேல் அணிநடை



கண்டியில் நான் அறிந்த ஐஸ், ஐஸ்பழம் மட்டும்தான். இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடையில் கால் மாற்றி வைத்தவள் யாரென்று என் வகுப்புத் தோழியருக்குத் தெரியும். சிரியுங்கள்!

அப்படிப்பட்டவள் 41 வயதில் ரொறன்ரோவில் கூட்டு ஐஸ் சறுக்கலில் சேர்ந்தேன். 1956இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தொடங்கிய விளையாட்டு. உலகப் போட்டிகளில் அணிக்கு 16 பேர். கைகோத்து ஓடும்போது ஒருத்தி விழுந்தால் பக்கத்திலிருப்பவளும் விழுவாள்.

முதற்போட்டியில் அந்த ஒருத்தி நான். மணிக்கட்டில் வெடிப்பு. ஆறு வாரம் சத்திரசிகிச்சைக்கூடம் போகவில்லை. கையை நம்பித் தொழில் செய்பவளுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்னோடு விழுந்தவர் ஐம்பது தாண்டிய தாதி. மன்னிப்புக் கேட்கப் போனேன். "செவ்வாய்க்கிழமை பயிற்சி, பிந்தாமல் வா" என்றார்.

இப்போதும் அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம்.