மயிலும் முட்டைக்கோழியும் ஒரே முற்றத்திலா?

(கேமரன் மலைத் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி சுவாமி கோயில் கொண்டிருக்கும் இம்மலையில், மயிலின் மீது நமக்குள்ள பற்றினைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்துக் கோழிகளோடு ஒரு சோடி மயிலையும் விட்டு வளர்த்தால் என்ன என்னும் ஆசை சிலருக்கு எழுவது இயல்பே. அவ்வாசையைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால், சேர்த்து வளர்த்தால் மாளுவது பெரும்பாலும் கோழியன்று, மயிலே என்பதைச் சொல்ல வந்தேன்.

மயிலைக் கொல்வது கருந்தலை நோய். பெயரைக் கேட்டுத் தலையையே பார்த்துக்கொண்டிராதீர்கள். தலை கறுப்பது அரிது. நோயுற்ற மயில் இறக்கை தொங்க ஒதுங்கி நிற்கும், தீனியை மறுக்கும், எச்சம் கந்தகம்போல் மஞ்சளாகப் போகும். இறந்தபின் அறுத்துப் பார்த்தால் ஈரலில் வட்ட வட்டமான புண்கள் காணப்படும்.

இந்நோய்க்குக் காரணமான ஓரணு உயிரியை, 1895ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தியோபால்டு ஸ்மித் வான்கோழிகளிடத்தே கண்டு விவரித்தார். அது பரவும் வழி 1920இல் கிரேபில் என்பாரோடு அவர் செய்த ஆய்வில் தெளிவாயிற்று. கோழியின் குருட்டுக்குடலில் ஹெட்டராகிஸ் என்னும் மெல்லிய வெண்புழு வாழ்கிறது. நோய்க்கிருமி அப்புழுவின் முட்டைக்குள் புகுந்துகொள்கிறது. வெறுங் கிருமி எச்சத்தோடு வெளிவந்தால் சில மணி நேரத்தில் மடிந்துபோகும். புழுமுட்டைக்குள் இருந்தாலோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அம்முட்டையை மண்புழு விழுங்கும். மண்புழுவை மயில் கொத்தும். கோழிக்கோ பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. முட்டையிட்டுக்கொண்டே, நோயையும் மண்ணில் விதைத்துக்கொண்டே அது திரியும்.

நம் மலையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கொழுந்து துளிர்க்க உதவும் ஈரமே புழுமுட்டையையும் காக்கிறது. மழை விட்டதும் மண்புழுக்கள் மேலே வருகின்றன. ஆகவே, கோழிகளை விற்றுவிட்டு அதே இடத்தில் மயிலை விட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. மயிற்கூண்டைக் கோழி திரியாத புதிய நிலத்தில், சரிவின் மேற்புறமாக அமைத்தல் வேண்டும். கீழ்ப்புறம் அமைத்தால் மழைநீர் கோழி எச்சத்தை அங்கே கொண்டு சேர்க்கும். மண்வெட்டியும் காலணியும்கூட இரண்டிற்கும் தனித்தனியே இருப்பது நல்லது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மயில் முட்டையை அடைக்கோழியின்கீழ் வைப்பது பழைய வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள். மயில் முட்டைக்கு ஏறத்தாழ 28 நாள். பொறுமையுள்ள கோழி அதனையும் பொரித்துவிடும். துன்பம் பிறகுதான். வளர்ப்புத்தாய் தான் கிளறும் மண்ணிலேயே குஞ்சையும் கிளறப் பழக்குகிறாள்! பொரித்தவுடன் குஞ்சைப் பிரித்து, தரையில் படாத கம்பிவலைத் தளத்தில் வளர்ப்பதே தக்கது.

தீனியும் ஒன்றாகாது. முட்டைக்கோழித் தீனியில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை சேர்க்கப்படுகிறது. வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். குஞ்சுத் தீனியைக் கோழி தின்றாலோ முட்டை ஓடு மெலியும்.

மருந்தால் தீராதா என்பீர்கள். இந்நோய்க்கு முன்னர் வழங்கிய மருந்துகள், இறைச்சியிலும் முட்டையிலும் எச்சம் தங்கும் என்னும் அச்சத்தால் பல நாடுகளில் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் எஞ்சியிருந்த நைட்டார்சோன் 2015இல் விலக்கப்பட்டது. கோழியின் குடற்புழுவை நீக்க மருந்துண்டு. அதனைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். அம்முட்டை நம் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதன்றோ!

மயில் வாங்குமுன் அனுமதி பற்றி வனவிலங்கு இலாகாவாகிய பெர்ஹிலித்தானிடம் வினவிக்கொள்ளுங்கள். தீபகற்பத்தின் சொந்தப் பச்சை மயில் இருபதாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. மலைக்காட்டில் வாழும் புள்ளியிட்ட மயிற்கோழியைக் கண்டால் பிடிக்க முயலாதீர்கள்.

மயில் ஏதேனும் இறந்துவிட்டால், வருத்தத்தில் உடனே புதைத்துவிடாமல் கால்நடை இலாகாவிற்கு எடுத்துச் செல்லுங்கள். ஈரலைப் பார்த்தால் காரணம் தெரியும்; எஞ்சியவற்றைக் காக்கலாம்.