மழை நாளில் விளக்கு அணைவது ஏன்?

வானம் கறுத்தால் விளக்கு அணையும் என்பது தாம்பரத்துவாசிகளுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அன்று. தூறல் விழுந்ததும் "கரண்ட் போயிற்று" என்று தெருவில் ஒரு குரல் எழும். அடுத்த குரல் மின்சார ஊழியரை ஏசும். அந்த ஏச்சில் ஓரளவு நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும், விளக்கு தானாக அணைவது ஒன்று, அணைக்கப்படுவது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது மாணவர்களுக்கு மிகவும் தேவை. ஏனெனில், இரண்டாவது வகையில் மனித உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். துணைமின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் அழுத்தத்தில் கம்பிவழி வரும் மின்சாரம், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் குறைக்கப்பட்டு, ஏறக்குறைய 230 வோல்ட்டாக நம் வீட்டை அடைகிறது. கம்பியையும் கம்பத்தையும் பிரித்து நிற்பவை பீங்கான் குமிழ்கள். கடற்காற்று கொணரும் உப்பும் சாலைப் புழுதியும் கோடைக்காலம் முழுவதும் அவற்றின்மேல் படிகின்றன. உலர்ந்திருக்கும் வரை இப்படிவால் தீங்கில்லை. சிறுதூறல் அதை நனைத்தால், உப்புநீர் ஆயிற்று. மின்சாரம் அதன் வழியே கம்பத்திற்குத் தாவுகிறது. பெருமழையோ அந்த அழுக்கையே கழுவிவிடும்! அடைமழையில் எரியும் விளக்கு முதல் தூறலில் அணைந்துவிடும் விந்தைக்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றின் கதை வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகம். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. தெருக்களில் நிழலுக்காக நட்டிருந்த, விரைவில் வளரும் அயல்நாட்டு மரங்கள் வேரோடு பெயர்ந்து கம்பிகளின்மேல் சாய்ந்தன. ஒரு மரம் கம்பியை இழுக்க, கம்பி கம்பத்தை இழுக்க, அந்தக் கம்பம் அடுத்த கம்பத்தையும் சாய்த்தது. பல தெருக்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததோ இதற்கு நேர் மாறானது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாம்பரத்தின் மேற்குப் பகுதி நீர் அடையாற்றை நாடும். சேலையூர், செம்பாக்கம் முதலிய கிழக்குப் பகுதி ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாடும். நீர் ஓடிய தாழ்நிலங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. இவ்விடங்களில் பல கம்பங்கள் நின்றபடியே நின்றன, கம்பிகளும் அறுபடவில்லை. ஆனாலும் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும், நீர் சூழ்ந்த பகுதிகளில் இவ்வாறே நிறுத்த நேர்ந்தது.

ஏன் நிறுத்த வேண்டும்? 2015-இல் நான் கேட்ட உரையாடல் ஒன்று இதற்கு விடை சொல்லும். எங்கள் தெருவில் மாடியில் ஒதுங்கியிருந்த முதியவர் ஒருவர், முழங்காலளவு நீரில் வந்த லைன்மேனை அழைத்தார்.

"தம்பி, குடிக்கத் தண்ணீர் இல்லை. மோட்டார் போட்டுக்கொள்ள ஓர் அரைமணி நேரம் மட்டும் கரண்ட் விடக் கூடாதா?"

"உங்கள் வீட்டுக்கு விட்டால் எதிர்வீட்டுக்கும் போகும், ஐயா. அந்த வீட்டு மீட்டர் தண்ணீருக்குள் இருக்கிறதே!"

முதியவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு டிரான்ஸ்பார்மரை நம்பியிருக்கும் வீடுகள் பல. மேட்டு வீட்டுக்கு வேண்டியதும் பள்ளத்து வீட்டுக்கு எமனாவதும் ஒரே கம்பிதான். மூழ்கிய மீட்டரிலிருந்து மின்சாரம் வெள்ளத்தில் கசியும். அது கண்ணுக்குத் தெரியாது. நீரில் கால் வைத்தவனுக்குத்தான் தெரியும். அவனோ பிறகு அதை நமக்குச் சொல்ல இருக்கமாட்டான்.

நீர் வடிந்த பின்பும் தாமதம் ஆகிறதே என்று கேட்பீர்கள். சீரமைப்பு மேலிருந்து கீழ் நோக்கியே வர முடியும். முதலில் துணைமின் நிலையம், அடுத்து 11,000 வோல்ட் கம்பிகள், பிறகு டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் வீட்டு இணைப்பு. கம்பத்தில் ஏறுமுன் ஊழியர்கள் மின்னோட்டத்தை நிறுத்துவதோடு, கம்பியைப் பூமியோடும் இணைத்துவிடுகிறார்கள். நிறுத்திய கம்பிக்கு இத்தனை எச்சரிக்கை எதற்கு? யாரோ ஒருவர் வீட்டில் ஜெனரேட்டரைத் தெருக்கம்பியிலிருந்து பிரிக்காமல் முறையின்றி இணைத்திருக்கலாம். டிரான்ஸ்பார்மர் இருவழியும் வேலை செய்யும் கருவி. 11,000-ஐ 230 ஆக்குவது போலவே, 230-ஐ 11,000 ஆகவும் ஆக்கிவிடும். வீட்டில் ஒருவர் மின்விசிறி சுழல்வதற்காகச் செய்த காரியம், கம்பத்தின்மேல் நிற்பவனைக் கொன்றுவிடக்கூடும்.

கம்பிகளை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தொல்லை தீராதா என்று ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் கேட்கிறார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் புதைவடங்கள் மிகுதி. தாம்பரம் போன்ற புறநகர்களோ நெடுங்காலம் மேல்நிலைக் கம்பிகளையே நம்பி வளர்ந்தவை. வர்தா போன்ற காற்றுக்குப் புதைவடம் நல்ல மருந்துதான். ஆனால் புதைவடத்தைத் தெருவோரத்தில் கிளை பிரிக்கும் பில்லர் பெட்டி தரையை ஒட்டியே நிற்கிறது. 2015 போன்ற வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுவே. பழுது ஏற்பட்டால், மண்ணுக்குள் எந்த இடம் என்று தேடித் தோண்டவும் வேண்டும். ஆகவே, சேலையூரின் மரமடர்ந்த தெருவுக்குப் பொருந்தும் ஏற்பாடு முடிச்சூரின் பள்ளத்துக்குப் பொருந்தாது. பள்ளத்தில் வடம் புதைப்பதற்குமுன், 2015-இல் நீர் எட்டிய உயரத்தைச் சுவரில் அளந்து, அதற்குமேல் பெட்டிகளையும் மீட்டர்களையும் உயர்த்துவதே முதல் வேலை என்பது என் கருத்து. இதற்கு ஆகும் செலவு, தெரு முழுவதையும் தோண்டும் செலவில் சிறு பங்குதான்.