செம்பு விளையும் பாலை

(நம் கம்மியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிலி தேசத்து ஏற்றுமதித் தொழில்களின் இன்றைய நிலையையும் வருங்கால நிலையையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். தென்னமெரிக்காவிலுள்ள ஒரு பாலை நிலத்துக்கும் தமிழாசிரியன் ஒருவனுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். தொடர்பு நம் உலைக்களத்திலேயே உளது. நாம் வார்க்கும் பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் கலந்தது. உலகில் ஓராண்டில் அகழ்ந்தெடுக்கப்படும் செம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிலியினின்றே வருகின்றது. ஆங்கு ஒரு பெருஞ்சுரங்கம் நின்றால் இலண்டன் உலோகச் சந்தையில் விலை ஏறும்; அவ்வேற்றம் நம் ஊர்ப் பட்டறையில் பழம்பித்தளையின் விலையிலும் வந்து தைக்கும். ஆதலின் அந்நாட்டின் ஆக்கமும் கேடும் நாம் அறிய வேண்டுவனவே.

திருவள்ளுவனார் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசனுக்குரிய பொருட்கடமைகளை நான்காக வகுத்தனர். பொருள் வரும் வழியை உண்டாக்குவது ஒன்று. வந்ததைத் தொகுப்பது இரண்டாவது. தொகுத்ததைப் பேணுவது மூன்றாவது. பேணியதைத் தக்கவாறு பங்கிடுவது நான்காவது. இந்நான்கனையும் உரைகல்லாகக் கொண்டு சிலியின் கதையை உரைத்துப் பார்ப்போம்.

அந்நாட்டின் வடபாகம் அட்டகாமாப் பாலை. உலகின் மிக வறண்ட நிலங்களுள் அது ஒன்று. மழையையே காணாது பல்லாண்டு கழியும் இடங்களும் ஆங்குண்டு. மழையின்மையாலேயே அந்நிலத்தில் சோடியம் நைட்ரேட்டு என்னும் வெடியுப்பு கரைந்தோடாது தங்கியது. பயிருக்கு எருவாகவும் வெடிமருந்துக்கு மூலப்பொருளாகவும் பயன்படும் அவ்வுப்பின் பொருட்டுச் சிலி, பெரு, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளும் 1879 முதல் பொருதன. பொலிவியா கடற்கரையை இழந்தது. பெரு தாரபாக்கா மாகாணத்தை இழந்தது. சிலி உப்பு நிலம் முழுவதையும் பெற்றது. அதுமுதல் முதல் உலகப்போர் வரையில் அந்நாட்டு அரசாங்க வருவாயில் ஏறத்தாழப் பாதி வெடியுப்பு ஏற்றுமதித் தீர்வையினாலேயே வந்தது. உள்நாட்டார்மேல் வரி சுமத்தவேண்டிய இன்னல் இல்லாமையால் ஆள்வோர் மகிழ்ந்திருந்தனர். சுரங்கங்களிற் பெரும்பகுதி ஆங்கிலேய முதலாளிகள் கையில் இருந்தது.

பொருள் வந்தது; தொகுக்கவும் பட்டது. ஆயின் பேணவும் இல்லை, பங்கிடவும் இல்லை. உப்பளத் தொழிலாளர்க்குக் கூலி, நாணயமாகக் கொடாது வில்லைகளாகக் கொடுக்கப்பட்டது. அவ்வில்லை முதலாளியின் கடையிலன்றி வேறெங்கும் செல்லாது. இம்முறையை ஒழிக்கவேண்டி 1907-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் செய்து, இக்கிக்கே என்னும் துறைமுக நகரத்தில் சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த தொழிலாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் டிசம்பர் 21-ஆம் நாள் படையினர் சுட்டனர். பல நூற்றுவர் மாண்டனர். பிள்ளைகள் எழுத்தறியும் இடத்தில் குருதி ஓடிற்று என்று படிக்குங்கால், பள்ளிக்கூடத்தில் வாழ்நாள் கழிக்கும் எம்மனோர்க்கு உள்ளம் நடுங்குகின்றது.

அதற்குள் கடலுக்கு அப்பால் ஜெர்மனியில் வேறொரு செய்தி நிகழ்ந்துகொண்டிருந்தது. பிரிட்ஸ் ஹேபர் என்னும் இரசாயன நூல் வல்லார், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டே அம்மோனியா ஆக்கலாம் என்பதை 1909-இல் செய்து காட்டினார். கார்ல் பாஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக்கினார்; 1913-இல் ஓப்பாவு என்னும் ஊரில் ஆலை இயங்கிற்று. காற்று எந்நாட்டுக்குத்தான் இல்லை? போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை கடல்வழியை அடைத்தமையால் ஜெர்மானியர் இம்முறையையே முழுதும் பற்றினர். போர் முடிந்தபின் பிற நாட்டாரும் அதனைக் கைக்கொண்டனர். அதன்மேல் உலகப் பொருளாதார மந்தமும் சேரவே, 1929-க்கும் 1932-க்கும் இடையில் சிலியின் ஏற்றுமதி மதிப்பு ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வீழ்ந்தது. ஹம்பர்ஸ்டன் முதலிய உப்பளவூர்கள் நாளடைவிற் பாழாயின. அவ்வூர் 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. உப்பு நிலத்தில் அப்படியே இருந்தது. அதன் விலைதான் போயிற்று. இதனை நன்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நிற்க. உப்புக்குப் பின் செம்பு வந்தது. சுக்கிகாமாட்டா என்னும் பெருஞ்சுரங்கம் 1915-இல் அமெரிக்க முதலாளிகளால் தொடங்கப்பெற்றது. 1971-இல், ஆயெந்தே குடியரசுத் தலைவராயிருந்த காலத்தில், சட்டமன்றத்தார் ஒருமனதாக வாக்களித்துப் பெருஞ்சுரங்கங்களை நாட்டுடைமையாக்கினர். அவற்றை நடத்தும் கோடெல்கோ என்னும் அரசாங்கக் கழகம் 1976-இல் அமைந்தது. 1990-இல் எஸ்கொந்திடா என்னும் சுரங்கம் அயல்நாட்டு மூலதனத்தோடு இயங்கலாயிற்று. இன்று உலகிலேயே மிகுதியான செம்பு தருவது அதுவே.

வெடியுப்புக் காலத்திற் கற்ற பாடம் செம்புக் காலத்தில் ஒருவாறு பயன்பட்டது. செம்பின் விலை ஏறியிருந்த காலத்தில், 2006-இல் ஒரு சட்டம் இயற்றி, மிகுவருவாயைச் சேமநிதியாக ஒதுக்கினர். “கையில் இவ்வளவு பொருள் இருக்க எங்களுக்கு ஏன் செலவிடவில்லை?” என மக்கள் முழங்கினர், நிதியமைச்சராயிருந்த ஆந்திரேஸ் வெலாஸ்கோ அசைந்திலர். 2008 ஜூலையில் டன் ஒன்றுக்கு 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு, அவ்வாண்டு டிசம்பரில் 3,000 டாலருக்குக் கீழ் இறங்கிற்று. அப்பொழுது அந்நிதியே நாட்டைத் தாங்கியது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோதும் அதுவே உதவிற்று. இது பேணுதலின் பயன்.

ஆயினும் நான்காவது கடமை இன்னும் நிறைவுறவில்லை. 2019 அக்டோபரில் சுரங்க இரயிற் கட்டணம் முப்பது பெசோ உயர்ந்தது என்னும் சிறு பொறியிலிருந்து நாடெங்கும் கலகத் தீ மூண்டது. செல்வம் சிலரிடத்தே குவிந்திருந்ததே அதன் மூலம். 2023-இல் இயற்றிய புதிய சுரங்கத் தீர்வைச் சட்டம், வருவாயில் ஒரு பகுதியை மாகாணங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் பகிர வழிசெய்தது. இஃது அக்குறையைத் தீர்க்கும் முயற்சிகளுள் ஒன்று.

இனி வருங்காலத்தை நோக்குவோம். மின்சார வண்டிகளுக்கும் மின்கம்பிகளுக்கும் செம்பு மேன்மேலும் வேண்டியிருத்தலின் அதன் தேவை குறையுமென அஞ்ச வேண்டுவதில்லை. ஆயின் இடர்கள் மூன்றுள. முதலாவது, கல்லிலுள்ள செம்பின் அளவு குறைந்துகொண்டே வருகின்றது. ஒரு டன் உலோகத்திற்கு முன்னிலும் மிகுதியான பாறையை உடைக்க வேண்டும். சுக்கிகாமாட்டாவில் 2019 முதல் நிலத்தடியிலும் அகழ்கின்றனர். எல் தெனியெந்தே சுரங்கத்தில் 2025 ஜூலையில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர் உயிர் நீத்தமை, ஆழம் செல்லச் செல்ல நேரும் அபாயத்தைக் காட்டும். இரண்டாவது, தண்ணீர், கடல்நீரை உப்பகற்றி மலைமேல் ஏற்ற வேண்டியிருத்தலின் செலவு பெருகுகின்றது. மூன்றாவது, உருக்கும் தொழில் கைந்நழுவுகின்றது. வெந்தானாஸ் உருக்காலை 2023-இல் மூடப்பட்டது. ஏற்றுமதிச் செம்பிற் பெரும்பகுதி சீனத்துக்குச் செல்கின்றது. அதிலும் மிகுதி உருக்கப்படாத தாதுவாகவே செல்கின்றது. தாதுவை விற்பவன் கூலி பெறுகின்றான். உருக்கி வடிப்பவன் ஊதியம் பெறுகின்றான் என்பது நம் தொழிலாளருக்கு நான் சொல்லவேண்டிய உண்மையன்று.

அட்டகாமாவின் உப்பேரிக்கடியிலுள்ள நீரில் லித்தியம் என்னும் இலேசான உலோகமும் உண்டு; மின்கலங்களுக்கு அது உயிர்நிலை. 2022-இல் அதன் விலை வானை முட்டியது. 2024 முடிவதற்குள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழ் வீழ்ந்தது. மேலும், லித்தியத்துக்கு மாற்றாகச் சோடியத்தாலான மின்கலங்களைச் சீனர் ஆக்கிவருகின்றனர். சோடியமோ கடலுப்பிலேயே உள்ளது. ஹேபர் காற்றிலிருந்து எருவெடுத்த கதை மீண்டும் நிகழாது என்று எவர் உறுதி கூறவல்லார்?

அன்பர்களே! இக்கதை நமக்கு அயலாருடையதன்று. நம் பாட்டனார் காலத்தில் பித்தளைக் குடமும் செப்புத் தவலையும் இல்லாத மணவீடு இல்லை. பின்னர் அலுமினியம் வந்தது, எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. நம் கைத்திறன் குன்றவில்லை; செம்பு கெடவுமில்லை. ஆயினும் பட்டறைகள் அவிந்தன. இன்று குடிநீருக்குச் செப்புப் பாத்திரத்தை மக்கள் மீண்டும் தேடுகின்றனர். குத்துவிளக்கும் கலைப்பொருளும் அயல்நாடு செல்கின்றன. இது நல்ல காலம். நல்ல காலத்திலேதான் பேணுதலும் பங்கிடுதலும் இயலும்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களைச் சங்கத்தார் முன் வைக்கின்றேன். விலை உயர்ந்த ஆண்டில் ஒவ்வொரு பட்டறையும் தன் இலாபத்தில் ஒரு சிறு பங்கினைச் சங்கத்தின் கல்வி நிதியிற் சேர்த்தல் வேண்டும். கட்டடத்துக்கும் விருந்துக்கும் அதனை எடுத்தலாகாது. அந்நிதியைக்கொண்டு நம் ஆண்மக்களையும் பெண்மக்களையும் உலோகவியலும் வடிவமைப்பும் வாணிகக் கணக்கும் பயிலச் செய்தல் வேண்டும். பட்டறையில்லாத ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கே முதலிடம் தருதல் வேண்டும். மண்ணிலுள்ள பொருளின் விலையை எங்கோ இருக்கும் ஒருவனுடைய அறிவு ஒரே நாளில் அழித்துவிடும்; அவ்வறிவு நம் பிள்ளைகளிடத்தே இருக்குமாயின் நமக்கு அச்சமில்லை.