இருட்டுக்குள் இரண்டு படகுகள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் ஸ்கூடாய் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் ஒரு பேச்சு எழும். பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்? சிலர் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி என்பார்கள். சிலர் தேசாரு கடற்கரை என்பார்கள். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய் வரலாம் என்பவர்களும் உண்டு. பிள்ளைகளைக் கேட்டால் அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: பேய் இருக்கிற இடத்துக்குப் போகலாம்! காசு கொடுத்துப் பயப்படுவானேன் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

பன்பேரில் பேய் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரு குகை வாயில், உள்ளே கும்மிருட்டு. சிறு வண்டியில் நம்மை உட்கார வைத்து வளைந்து வளைந்து கொண்டுபோவார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மண்டையோடு, ஓர் அலறல், முகத்தில் படுகிற ஒரு நூல். இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரத்தின் கேளிக்கைப் பூங்காவில் 1930ஆம் ஆண்டிலேயே பேய் ரயில் ஓடியது. இத்தகையவற்றை இருட்டுச் சவாரி என்று சொல்லலாம். வண்டிக்குப் பதிலாகப் படகில் போகிற சவாரியும் உண்டு. அப்படிப்பட்ட இரண்டு படகுகளை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று நமக்குப் பக்கத்திலே, சிங்கப்பூரில் இருந்தது. மற்றொன்று அமெரிக்காவிலே இருக்கிறது.

முதலில் பக்கத்தில் இருந்ததைச் சொல்லுவோம். தலைவலிக்கு நாம் தேய்க்கும் புலி மார்க் தைலத்தை அறியாதவர் யார்? அந்தத் தைல வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்த சகோதரர்கள் ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்பவர்கள். இரங்கூனிலிருந்து வந்தவர்கள். மூத்தவர் தம் தம்பிக்காகச் சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் குன்றின்மேல் ஒரு மாளிகை கட்டி, 1937இல் அதைச் சுற்றிச் சிலைத் தோட்டம் ஒன்றையும் அமைத்தார். ஹாவ் பார் வில்லா என்பது அதன் பெயர். சீனப் புராணக் கதைகளை மக்கள் கண்ணால் கண்டு நல்லொழுக்கம் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஏழையும் பணக்காரரும் கட்டணமின்றி உள்ளே போகலாம்.

அங்கே எல்லாரும் தேடிப் போகிற இடம் நரகத்தின் பத்து நீதிமன்றங்கள். செத்தவன் ஒவ்வொரு மன்றமாகப் போய்த் தன் கணக்கைத் தீர்க்க வேண்டும். கடும் வட்டி வாங்கியவனைக் கத்தி மலையில் எறிகிறார்கள். பரீட்சையில் ஏமாற்றியவனுக்குக் குடலை உருவுகிறார்கள். சோற்றை வீணாக்கியவனை இரண்டாக அறுக்கிறார்கள். நம்முடைய எமதர்மராஜாவும் அங்கே இருக்கிறார்! பௌத்த சமயத்தோடு சீனா சென்ற எமன் அங்கே யான்லுவோ என்று பெயர் பெற்றார். பத்து மன்றங்களில் ஐந்தாவதற்கு அவரே அரசர்.

முதலில் மக்கள் இந்த மன்றங்களை நடந்தே பார்த்தார்கள். 1990இல் தோட்டத்தைப் புதுப்பித்து, கட்டணம் வைத்து, பெரிய கேளிக்கைப் பூங்காவாகத் திறந்தபோது, நரகக் காட்சிகள் சுமார் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு டிராகனின் வயிற்றுக்குள் இருந்தன. அந்த வயிற்றுக்குள்ளே தண்ணீர் ஓடியது. தண்ணீரில் படகு போயிற்று.

அந்தப் படகில் நாங்களும் போயிருக்கிறோம். 1991ஆம் ஆண்டு, தோட்டத்தார் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துப் போனார்கள். எங்களுக்குப் பத்து வயது. பக்கத்தில் அப்பா. விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிறவர், இருட்டுக்குப் பயப்படாதவர். ஒரு சிலையை அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அப்பா, இவரு என்னா செஞ்சாரு?" என்று கேட்டோம். அவருக்குச் சீனமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர் யோசிப்பதற்குள் படகு அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. உறவினர் ஒருவர் எங்கள் தட்டில் சோறு மீந்தால் போதும், "ரம்பத்தை எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" என்பார். அவருக்கு அது வேடிக்கை. இரவில் வெளியிலிருந்த கழிவறைக்குப் போக எங்களுக்குக் கால் வரவில்லை. பாயை நனைத்தோம். அதற்கும் அடி விழுந்தது. இப்படிப் பல வாரங்கள் போயின.

ஒரு நாள் பாட்டி எங்களை மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டார்: "அந்த ஊர்ல கடைசி ரூம்புல என்னாய்யா இருந்துச்சு?" எங்களுக்கு நினைவில்லை. பாதி வழியிலேயே கண்ணை மூடிக்கொண்டோம் அல்லவா! "நான் சொல்றேன் கேளு. கணக்கு முடிஞ்சா கதவத் தொறந்து விட்டுருவாங்க. மறுபடியும் ஒரு அம்மா வயித்துல போயிப் பொறக்கலாம். அதான் கடைசி ரூம்பு." அன்று இரவு நாங்கள் தூங்கினோம்.

பாட்டி சிங்கப்பூருக்குப் போனதே இல்லை. பிற்காலத்தில் பயிற்சி பெற்று ஆசிரியரான பின், மறுபடி அங்கே போய் ஒவ்வொரு பலகையாகப் படித்துப் பார்த்தோம். பத்தாவது மன்றத்தில், பழையதை எல்லாம் மறப்பதற்காக ஒரு கிழவி தேநீர் கொடுக்கிறாள். பக்கத்தில் மறுபிறப்புச் சக்கரம் இருக்கிறது. பாட்டி சொன்னது அப்படியே சரியாக இருந்தது!

இனி இரண்டாவது படகுக்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் நகரத்து டிஸ்னிலாந்து பூங்காவில் 1967 மார்ச் 18ஆம் நாள் ஓடத் தொடங்கியது அது. கரீபியன் கடற்கொள்ளையர் சவாரி என்று பெயர். அதே பெயரில் 2003 முதல் வந்த சினிமாப் படங்களை உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கலாம். படங்களுக்கு மூலம் இந்தச் சவாரிதான். நாம் அங்கே போனதில்லை. நூல்களிலும் படப்பதிவுகளிலும் கண்டு சொல்கிறோம்.

வால்ட் டிஸ்னி முதலில் எண்ணியது படகு அன்று. மெழுகுப் பொம்மைகளை மக்கள் நடந்து பார்க்கும் காட்சிசாலைதான். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் அவருடைய குழுவினர் படகுச் சவாரி ஒன்றை நடத்தினார்கள். நெரிசலின்றிக் கூட்டம் கூட்டமாக மக்களைக் கொண்டுபோகப் படகே ஏற்றது என்று கண்டு, திட்டத்தை மாற்றினார்கள். டிஸ்னி அது திறக்கப்படுவதைக் காணவில்லை. 1966 டிசம்பரில் இறந்துவிட்டார்.

உள்ளே போகும் படகு இரண்டு சிறு அருவிகளில் சறுக்கிக் கீழே இறங்குகிறது. இது வெறும் விளையாட்டில்லை. பூங்காவைச் சுற்றி ரயில் பாதைக்கான மண்மேடு ஒன்று உண்டு. அதற்கு அடியில் நுழைந்து, அப்பாலுள்ள பெரிய கட்டடத்துக்குப் படகு போயாக வேண்டும். அங்கே மனிதரும் விலங்குமாக நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைகள் இயந்திர விசையால் அசைகின்றன, பாடுகின்றன, பேசுகின்றன.

இரண்டு படகுகளும் இருட்டை எப்படிப் பயன்படுத்தின என்று பாருங்கள். பகல் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைந்த கண், முழுவதும் பழகிக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். மரம் வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தலைவிளக்கை அணைத்தால் உடனே ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்லத்தான் மரம் மரமாகத் தெரியும். சவாரியோ கண் பழகும் முன்னே முடிந்துவிடுகிறது. ஆகவே சுவர் தெரியாது, கூரை தெரியாது. சிறிய அறை பெரிய உலகமாகிறது. சிறு விளக்குப் பட்டாலும் பொம்மை உயிருள்ளதாகத் தோன்றுகிறது. பேய் கிடையாது; நம் கண்ணும் மனமும் செய்கிற வேலைதான்.

இருவரும் சொல்லும் கதையும் ஏறக்குறைய ஒன்றே. பேராசைக்காரன் என்ன ஆவான் என்பதுதான் அது. சொல்லும் வரிசைதான் வேறு. சிங்கப்பூர்க் காட்சியில் முதலில் குற்றம், அடுத்துத் தண்டனை, முடிவில் மறுபிறப்பு. கலிபோர்னியாவில் முடிவையே முதலில் காட்டிவிடுகிறார்கள். குகைக்குள் பொன்னையும் மணியையும் சுற்றி எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. அதைப் பார்த்த பிறகே கொள்ளையரின் ஆட்டமும் பாட்டமும் வருகின்றன. இவர்கள் எப்படி முடியப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்க்கும் பிள்ளை பயப்படுவதில்லை, சிரிக்கிறது. சிறைக்குள் அடைபட்ட கொள்ளையர், சாவிக் கொத்தை வாயில் கவ்விய நாயைக் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிடுகிறார்கள், நாய் அசைவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டியதில்லை. எந்தப் பலகையும் படிக்க வேண்டியதில்லை.

நரக மன்றங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இவன் யார், என்ன குற்றம் செய்தான், தீர்ப்பு என்ன என்று நின்று படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் பக்கத்திலிருந்து பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். நிற்காத படகில் அது எப்படி முடியும்? காலப்போக்கில் அந்தப் பூங்காவுக்குக் கூட்டம் குறைந்தது. படகும் நின்றது. பூங்காவுக்குள் நுழைவதற்கான கட்டணம் பிறகு நீக்கப்பட்டது. ஆனால் சிலைகள் போகவில்லை. மக்கள் மறுபடி நடந்து பார்த்தார்கள். 2021 முதல் அந்தப் பத்து மன்றங்களும் நரக அருங்காட்சியகம் ஒன்றின் பகுதியாகியுள்ளன. அதற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

ஆக, நடைக்கு என்று எண்ணியது கலிபோர்னியாவில் படகாகி நிலைத்தது. சிங்கப்பூரில் நடையாக இருந்தது படகாகி, திரும்பவும் நடையாகி நிலைத்தது. எது வேகமாகப் போகிறது, எது அதிகச் செலவில் கட்டப்பட்டது என்பதல்ல விஷயம். கதை கேட்பவருக்குப் போய்ச் சேருகிறதா என்பதே விஷயம். கதை காலத்துக்கு ஒவ்வாமல் போனால் மாற்றவும் வேண்டும். கடற்கொள்ளையர் சவாரியில் பெண்களை ஏலம் விடும் காட்சி ஒன்று இருந்தது. அதை 2018இல் எடுத்துவிட்டு வேறு காட்சி வைத்தார்கள். சவாரி கெட்டுப்போகவில்லை, இன்றும் மக்கள் போகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், அண்ணன் பிள்ளைகள் இருவரை அந்த மன்றங்களுக்குக் கூட்டிப் போனோம். புறப்படும் முன்பே பாட்டி சொன்ன கடைசி அறையைப் பற்றிச் சொல்லிவிட்டோம். பெரியவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். பரீட்சையில் ஏமாற்றியவனைக் கண்டதும் தன் நண்பன் ஒருவன் பெயரைச் சொல்லிச் சிரித்தான். சின்னவள் மூன்றாவது மன்றத்தில் கையை இறுக்கிப் பிடித்து, "போதும்" என்றாள். வெளியே வந்துவிட்டோம். சற்று நேரம் கழித்து அவளே, "அந்தப் பாட்டி டீ குடுக்கிற எடத்த மட்டும் பாக்கணும்" என்றாள். பார்த்தாள். இரவில் நன்றாகத் தூங்கினாள்.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளைகள் பயத்தைத் தேடிப் போவது பைத்தியக்காரத்தனமல்ல. வாழ்க்கையில் பயம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கதவு ஒன்று இருக்கிறது, பக்கத்தில் அப்பா இருக்கிறார் என்ற தைரியத்தோடு அதைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறார்கள். இருட்டுச் சவாரி இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே என்று எண்ணுகிறோம்.

ஆகவே கூட்டிப் போகும் முன் கதையை முடிவோடு சொல்லுங்கள். உள்ளே போனால் பக்கத்தில் இருங்கள். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் கோழை என்று ஏசாதீர்கள். வீடு திரும்பிய பின் அந்தப் பயத்தைப் பிரம்பாக எடுத்து ஓங்காதீர்கள். பூச்சாண்டி என்றும் முனி என்றும் சொல்லிச் சோறு ஊட்டுவது சுலபம். அந்தச் சோறு உடம்பில் ஒட்டுமா என்று எண்ணிப் பாருங்கள்.

சிங்கப்பூருக்குப் போக வசதி இல்லையே என்று வருந்த வேண்டாம். இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைத்து, நம் ஊர்ப் பேய்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். கடைசி அறையின் கதவைத் திறந்துவிட மட்டும் மறந்துவிடாதீர்கள்.